நீலம் வராத ஆவணி

குனியமுத்தூரில் எங்கள் வீதிமுனையில் நின்று தெய்வாத்தாள் வீடு எது என்று யாராவது கேட்டால், கேட்கிறவருக்குக் கல்யாண வயதில் பிள்ளை இருக்கிறது என்று பெட்டிக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். மகனா மகளா என்பதையும் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மகன் என்றால் முகம் கொஞ்சம் கூடுதலாக வாடியிருக்கும்.

தெய்வாத்தாளுக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்திரண்டு வருடங்களாக ஜாதகம் சேர்த்து வைக்கிறார். தரகர் என்று சொன்னால் பிடிக்காது. "நான் சொல்லி உடறவ. முடிக்கறது சாமி" என்பார். முடியாமல் போனதற்கும் சாமியே பொறுப்பு என்பது இதில் அடக்கம்.

அவர் வேலை செய்யும் முறையே வேறு. ஃபோனில் வரும் படங்களை அவர் மதிப்பதில்லை. "ஃபோன்ல ஒரு புள்ளையப் பாத்தா, பின்னாலயே பத்துப் புள்ளைக வந்து நிக்குதுங்க. பேப்பர்ல ஒன்னே ஒன்னுதான் நிக்கும்" என்பது அவர் கண்டுபிடித்த உண்மை. அதனால் ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரு தாள். மேல்பாதியில் கலர் படம், கீழ்ப்பாதியில் பேர், குலக் கூட்டம், நட்சத்திரம், படிப்பு, தோட்டம். அதைக் கண்ணாடி உறையில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டுவார். வாங்குகிறவரும் இரண்டு கையால்தான் வாங்கியாக வேண்டும்.

இதற்காக வாங்கியதுதான் அந்தப் பிரின்டர். மை ஊற்றி நிரப்புகிற வகை. கறுப்பு, நீலம், ரோஸ், மஞ்சள் என்று நான்கு சின்னத் தொட்டிகள். பழைய தையல் மெஷின் மேஜையில், எம்பிராய்டரி போட்ட துணி மூடி, மேலே சந்தனப் பொட்டு வைத்து அமர்த்தியிருந்தார்.

அவருடைய வீட்டுக்காரர் ஆறுச்சாமி, அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உக்கடம் - பொள்ளாச்சி தடத்தில் முப்பது வருடம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று சொல்லி யாரும் போகாததால், தன் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதை மனதார ஏற்றுக்கொண்ட மனிதர். ஆனாலும் சொல்வதை நிறுத்தியதில்லை.

போன வருடம் ஆடி மாதம் வந்தது. ஆடியில் யாரும் ஜாதகம் எடுக்க மாட்டார்கள். பிரின்டர் துணிக்குள் ஒரு மாதம் ஓய்வெடுத்தது. ஆவணி பிறந்த அன்று குளித்து, பொட்டை மாற்றிவைத்து, முதல் தாளை அடித்தார் தெய்வாத்தாள். ஒரு கோபிசெட்டிபாளையத்துப் பெண்.

தாள் வெளியே வந்ததும் அவர் முகம் மலர்ந்தது. பெண் தங்கமாக வந்திருந்தாள். மஞ்சள் பூசிக் குளித்தது போல முகம். மஞ்சள் பட்டுப் புடவை.

"மகாலட்சுமியாட்டம் இருக்கறாளுங்க" என்று காட்டினார்.

ஆறுச்சாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இந்தப் புள்ள கட்டியிருந்தது பச்சைப் பொடவையாச்சே. நேத்து ஃபோன்ல காட்டுனியே."

"உங்குளுக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணி ஆறு மாசந்தானுங்க ஆச்சு."

"ஆப்பரேசனுக்கு அப்புறந்தான், புள்ள, கலரெல்லாம் நல்லாத் தெரியுது."

தெய்வாத்தாள் அடுத்த தாளை அடித்தார். அதிலும் பையன் தங்கம். அதற்கடுத்ததும் அப்படியே. அந்த ஆவணியில் அவர் கையிலிருந்து போன ஒருவர்கூடக் கறுப்பாக இல்லை. பெற்றவர்களுக்கு வாயெல்லாம் பல். ஒரு அம்மா தன் மகனுடைய தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எம்பையன் இவ்வளவு லட்சணம்னு எனக்கே தெரியாமப் போச்சுங்க" என்று கண்கலங்கி, இன்னும் ஐந்து பிரதி கேட்டு வாங்கிப் போனார். பையனின் நீலச் சட்டை ரோஸாக இருந்ததை அந்த அம்மா பார்க்கவே இல்லை. ஆறுச்சாமி பார்த்தார். சொன்னார். ஸ்டுடியோ லைட்டு அப்படி என்று பதில் வந்தது.

இப்படி அறுபத்து நான்கு தாள்கள் போயின. அறுபத்தைந்தாவது, கிணத்துக்கடவு கிருபாசங்கருடையது.

கிருபாசங்கருக்கு வயது முப்பத்திரண்டு. இன்ஜினியரிங் படித்து, சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்து, திரும்பி வந்து எட்டு ஏக்கர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். நல்ல பையன், நல்ல தோப்பு, வீடும் சொந்தம். ஆனால் பையன் விவசாயம் என்றதும், வந்த பெண் வீட்டார், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிற காலம் இது. மூன்று வருடத்தில் பதினொரு வீட்டார் அப்படி எழுந்திருக்கிறார்கள். அதனால் அவருடைய படத்தைத் தெய்வாத்தாளே யோசித்து எடுக்கச் சொல்லியிருந்தார்: தோப்புக்கு நடுவில், நல்ல சட்டை போட்டு, ஒரு மரத்தில் கை வைத்தபடி. சொத்தும் பையனும் ஒரே படத்தில் வந்துவிடும்.

பெண், பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் தனபாலின் மகள் லோகப்பிரியா. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகத்தில் ஒன்பது பொருத்தம் சேர்ந்தது. தனபால் நேரில் வந்து தாளை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் ஃபோன் செய்தார்.

"அக்கா, பையன் லட்சணமா இருக்கறானுங்க. படிப்பும் பரவால்லீங்க. தோப்புதானுங்க சரியில்ல."

"தோப்புக்கு என்னங்க?"

"மரம் பூராம் மஞ்சளடிச்சுக் கெடக்குதுங்களே. வாடல் நோய் புடிச்ச தோப்புங்க அது. ஆனைமலையில எந்தங்கச்சி ஊட்டுல இப்படித்தான் மஞ்சளாச்சு. ரெண்டே வருசத்துல இருநூறு மரத்த வெட்டிப்போட்டாங்க. தெரிஞ்சே புள்ளையக் கொண்டுபோய்க் குடுக்க முடியுங்களா?"

தெய்வாத்தாள் தன்னிடமிருந்த பிரதியை எடுத்துப் பார்த்தார். உண்மைதான். ஒரு மட்டைகூடப் பச்சையாக இல்லை. எல்லாம் பழுத்துத் தொங்கின. இத்தனை நாள் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னாலிருந்த மரங்களைப் பார்க்காமல் விட்டோமே என்று நொந்துகொண்டார். உடனே கிருபாசங்கரின் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "மரத்துக்கெல்லாம் சொகமில்லீங்களாமே, எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே" என்றார்.

அந்த அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், தோப்பைப் பற்றி எவனோ புரளி கிளப்புகிறான் என்று முடிவு செய்தார். வரப்புத் தகராறில் இருந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் மீது சந்தேகம் போனது. நேரே போய்க் கேட்டும்விட்டார். மாலைக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. வழக்கமாக அவர்களிடம் காய் எடுக்கிற இளநீர் வியாபாரி, சும்மா அந்தப் பக்கமாக வந்தது போல வந்து, ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எங்கள் வீதிக்குள் ஒரு பைக் வந்தது. பின்னால் ஒரு தென்னை மட்டை, இரண்டாக வெட்டிக் கட்டியது, ஓலை தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. ஓட்டி வந்தவர் கிருபாசங்கர். மட்டையை அவிழ்த்து எடுத்துக்கொண்டு தெய்வாத்தாள் வீட்டு வாசலில் நின்றார். கோபமாகத்தான் வந்திருந்தார். ஆனால் 'ங்க' போடாமல் பேச அவருக்குத் தெரியாது.

"ஏனுங்கம்மா, இது என்ன கலருங்க?"

"பச்சைங்க தம்பி."

"காலையில வெட்டுனதுங்க. நீங்க பொண்ணு ஊட்டுக்குக் குடுத்த பேப்பரக் காட்டுங்க."

தெய்வாத்தாள் எடுத்துவந்தார். கிருபாசங்கர் அதை மட்டையின் மேல் வைத்தார்.

"இதுல மரம் என்ன கலருங்க?"

"மஞ்சள்."

"எஞ்சட்டைங்க?"

"ரோசுங்க."

"நான் பொறந்ததுல இருந்து ரோஸ் சட்டை போட்டதே இல்லீங்கம்மா." ஃபோனை எடுத்து, அனுப்பியிருந்த படத்தைக் காட்டினார். நீலச் சட்டை, நீல வானம், பச்சைப் பசேலென்று தோப்பு.

தெய்வாத்தாள் ஃபோனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். சாய்வு நாற்காலியில் இருந்த ஆறுச்சாமி கண்ணாடியைக் கழற்றி, துண்டில் நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம் என்று தெய்வாத்தாள் பின்னால் என்னிடம் சொன்னார்.

கிருபாசங்கர் மோர் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு தெய்வாத்தாள் நோட்டை எடுத்து, யார் யாருக்கு எந்தத் தாள் போனது என்று பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பொய் சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. வயதில் ஆறு மாதம், எட்டு மாதம் குறைத்துச் சொன்னதை அவர் பொய்யில் சேர்ப்பதில்லை. இது அப்படி இல்லை. ஒரு தோப்பையே நோயாளி ஆக்கிவிட்டோம் என்பது அவரை உறுத்தியது. அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு எழுந்து, நீலம் வராததற்கு நீலம் போதாததுதான் காரணம் என்று முடிவு செய்து, பாட்டிலில் இருந்த நீல மையை எல்லாம் தொட்டியில் ஊற்றினார். தொட்டி ஏற்கனவே முக்கால்வாசி இருந்தது. மை வழிந்து மேஜையில் ஓடி, எம்பிராய்டரித் துணியை நனைத்து, சேலையில் இறங்கியது. மறுபடி அடித்துப் பார்த்தார். தோப்பு அதே மஞ்சள்.

அடுத்த நாள்தான் ஷைமாவைக் கூப்பிட்டார்கள். கரும்புக்கடையில் இருந்து ஸ்கூட்டரில் வருகிற பெண். வீடு வீடாகப் போய்ப் பிரின்டர் பார்ப்பது அவள் தொழில். உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது பிரின்டரை அல்ல, தெய்வாத்தாளின் கையை. முழங்கை வரை நீலம்.

"நீங்களே வைத்தியம் பாத்துட்டீங்களாம்மா?"

"கொஞ்சூண்டு ஊத்துனேன் கண்ணு."

ஷைமா சிரிக்காமல் துணியை எடுத்து வைத்துவிட்டு, சோதனைத் தாள் ஒன்று அடித்தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் படிப்படியாகச் சின்னச் சின்னக் கோடுகள் வர வேண்டும். கறுப்பு வந்திருந்தது, ரோஸ் வந்திருந்தது, மஞ்சள் வந்திருந்தது. நீலம் வரவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"எத்தன நாள் ஓட்டாம வெச்சிருந்தீங்க?"

"ஆடி மாசம் பூராவுங்க. ஆடியில ஆரு அம்மணி ஜாதகம் எடுப்பாங்க?"

"பிரின்டருக்கு ஆடி தெரியாதுங்கம்மா. மை வர்ற துளை ஊசிமுனையவிடச் சின்னதுங்க. காஞ்சு அடைச்சுக்கிச்சு. தொட்டியில எவ்வளவு ஊத்துனாலும் வழி இல்லாம எப்படி வரும்?"

பிரின்டரிலேயே இருக்கிற சுத்தம் செய்யும் பட்டனை அழுத்தினாள். அது உள்ளுக்குள் கொஞ்ச நேரம் முனகியது. மறுபடி சோதனைத் தாள். நீலத்தில் நாலைந்து கோடு, அதுவும் அறுந்து அறுந்து. இன்னொரு முறை செய்ததில் பாதி வந்தது. மூன்றாவது முறையும் அதே பாதி. ஷைமா நிறுத்திவிட்டாள். சுத்தமான தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியை மடித்து, மை தெளிக்கிற பாகத்துக்கு அடியில் வைத்து மூடினாள்.

"இனி நாளைக்குக் காலைல வரைக்கும் தொடாதீங்க."

"இன்னொருக்கா அந்தப் பட்டன அமுக்கிப் பாத்தா என்ன கண்ணு?"

"மைதான் வீணாகும். காஞ்சது ஊறட்டுங்கம்மா. அவசரப்பட்டா இருக்கற பாதியும் போயிரும்."

கல்யாணப் பேச்சில் எல்லோருக்கும் பொறுமை சொல்கிற தெய்வாத்தாள், அன்று பிரின்டரைச் சுற்றி எத்தனை முறை வந்தார் என்று ஆறுச்சாமி எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை ஷைமா வந்து துணியை எடுத்தாள். ஒரு முறை சுத்தம் செய்து சோதனைத் தாள் அடித்தாள். நீலக் கோடுகள் ஒன்றுவிடாமல் வரிசையாக நின்றன. பிறகு கிருபாசங்கரின் படத்தை அடித்தாள். மூவரும் குனிந்து பார்த்தார்கள். தோப்பு பச்சை. சட்டை நீலம். வானம் வானமாக இருந்தது.

"பையன் கறுத்துட்டானே" என்றார் தெய்வாத்தாள்.

"வெய்யில்ல நிக்கற பையன் பின்ன எப்படி இருப்பான்?" என்றார் ஆறுச்சாமி.

தெய்வாத்தாள் ஷைமாவின் பக்கம் கொஞ்சம் நகர்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அந்த நீலத்த ஒரு கால்வாசி மட்டும் கொறைக்க வழியிருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்கம்மா. ஆனா இந்தப் பிரின்டர்ல மொகத்துக்கு மட்டும் கொறைக்க முடியாது. மரத்துக்கும் சேத்துத்தான் கொறையும். மறுபடி நோய் வந்துரும், பரவால்லீங்களா?"

"வேண்டாஞ்சாமி" என்றார் தெய்வாத்தாள்.

வாரம் ஒரு கலர்த் தாளாவது அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷைமா கிளம்பினாள். தெய்வாத்தாளும் ஆறுச்சாமியும் புதுத் தாளோடு பல்லடத்துக்குப் பஸ் ஏறினார்கள்.

தனபால் இரண்டு தாள்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"போன வாரம் மஞ்சள். இந்த வாரம் பச்சை. கம்ப்யூட்டர்ல பச்சையடிச்சுட்டீங்களாக்கா?"

"இல்லீங்க. நீலம் வராமப் போச்சுங்க. அதனாலதான் பச்சை மஞ்சளாச்சு."

"நீலம் வராட்டி நீலந்தானுங்க போவோணும்? பச்சை எதுக்குங்க மஞ்சளாகுது?"

தெய்வாத்தாளுக்கு அது தெரியவில்லை. நீலமும் மஞ்சளும் சேர்ந்துதான் பச்சை என்று ஆறுச்சாமி விளக்கினார். தனபால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை. ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கிறவர் அவர். நோய் இல்லை என்று அடுத்தவர் சொன்னதை நம்பி அவர் எதையும் வாங்கியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல், காரை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவுக்குப் போனார். வீட்டுக்குப் போகவில்லை, நேரே தோப்பில் இறங்கினார். குருத்தைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார், விழுந்து கிடந்த பிஞ்சுக் குரும்பையை நசுக்கிப் பார்த்தார். யாரோ தோப்புக்குள் நடமாடுகிறார்கள் என்று கிருபாசங்கர் ஓடிவந்தார். யார் என்று தெரிந்ததும் கூடவே நடந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். இந்த வரிசை எந்த வருடம் வைத்தது, இந்த மரம் எத்தனை காய் விடுகிறது, தண்ணீர் எப்படி. தெரியாததைத் தெரியாது என்றே சொன்னார். அதுதான் தனபாலுக்குப் பிடித்துப்போனது. மண் கொஞ்சம் இளைத்திருக்கிறது, கோழி எரு போட்டால் நன்றாக வரும் என்றார். இருவரும் வரப்பில் உட்கார்ந்து எருவைப் பற்றி இரண்டு மணிநேரம் பேசினார்கள். பெண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று மாலை லோகப்பிரியா தெய்வாத்தாளுக்கு ஃபோன் செய்தாள்.

"அம்மா, எங்கப்பா தோப்பப் பாத்துட்டு வந்துட்டாருங்க. அவருக்குத் தோப்பப் பிடிச்சுருச்சு, தோப்புக்கு அவரப் பிடிச்சுருச்சு. நான் எப்பங்க பையனப் பாக்கறது?"

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக்கடையில் இருவரும் சந்தித்தார்கள். பிறகு இன்னொரு முறை. அதற்கப்புறம் மூன்று வாரம் லோகப்பிரியாவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. தெய்வாத்தாள் அந்த மூன்று வாரத்தில் பழைய அறுபத்து நான்கு பேருக்கும் புதுத் தாள் அடித்துக்கொடுக்கும் வேலையைப் பார்த்தார். எல்லோரும் சந்தோஷமாக வாங்கவில்லை. ஐந்து பிரதி வாங்கிய அம்மா, புதுத் தாளைப் பார்த்துவிட்டு, "பழசே இருக்கட்டுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தங்கத் தாள்களைப் பார்த்தே இரண்டு கல்யாணம் முடிவாகியிருந்தது. அவர்கள் நேரில் பார்த்துப் பேசித்தான் முடித்தார்கள் என்பதால் தெய்வாத்தாள் அங்கே வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் லோகப்பிரியா சம்மதம் சொன்னாள். வேலையை விடமாட்டாள், வாரத்தில் மூன்று நாள் தோப்பு வீட்டிலிருந்தே பார்ப்பாள், அதற்கு நல்ல இன்டர்நெட் வேண்டும். கிருபாசங்கர் ரோட்டிலிருந்து தோப்பு வரைக்கும் ஒவ்வொரு கம்பமாக நின்று கேபிள் இழுக்க வைத்தார். பதினொரு வீட்டார் எழுந்துபோன வீட்டில் இப்படி ஒரு காரியம் நடப்பதை அவருடைய அம்மா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

நிச்சயத்தைத் தோப்பு வீட்டிலேயே வைக்கச் சொன்னவர் தனபால். சொந்தக்காரர்கள் எல்லாம் தோப்பைப் பார்க்கட்டும் என்றார். காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை நல்ல நேரம். தட்டுகள் வரிசையாக வைத்தாகிவிட்டது. ஒன்பதே முக்காலுக்குப் பல்லடத்திலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. முழுக்கக் கோழி எரு. நல்ல நாளில் இறக்கினால் நல்லது என்று தனபால்தான் வரச்சொல்லியிருந்தார். வாடை பந்தலுக்குள் வந்ததும் பட்டுப்புடவைகள் எல்லாம் மூக்கை மூடிக்கொண்டன. எந்த வரிசையில் கொட்டுவது என்று காட்டப்போன மாமனாரும் மாப்பிள்ளையும் பத்து மணியாகியும் திரும்பவில்லை.

தெய்வாத்தாள் எழுந்து நின்று தோப்புப் பக்கம் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். லோகப்பிரியா புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பந்தலை விட்டு இறங்கி, மரங்களுக்கு நடுவே நடந்தாள்.

"அப்பா, நீங்க எரு கொட்டிட்டு வாங்க. அவர மட்டும் அனுப்புங்க, தட்டு மாத்தோணும்" என்று அவள் குரல் கேட்டது.

லாரி டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். பத்தே காலுக்கு மூவரும் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தெய்வாத்தாள் தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.